மத்திய வியட்நாமுக்கு முதல் குரூப் டூரா? மணிக்கணக்கு பார்த்துப் போங்கள்

வாட்ஸ்அப்பில் வரும் டூர் நோட்டீஸை எல்லாரும் ஒரே மாதிரிதான் படிக்கிறோம். முதலில் விலை, அப்புறம் எத்தனை இரவு, அப்புறம் எத்தனை இடம். 5 இரவில் 18 இடம் என்று போட்டிருந்தால் பரவாயில்லையே, கொடுக்கிற காசுக்கு நிறையக் காட்டுகிறார்கள் என்று தோன்றும். நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். ஹோய் ஆன் என்ற அழகான பழைய துறைமுக ஊரில் மொத்தமே இரண்டு மணி நேரம் சொச்சம் இருந்தேன், அதில் அரை மணி நேரம் கழிப்பறை வரிசையிலேயே போனது. இரண்டாவது தடவை அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனபோது கொஞ்சம் விவரம் வந்திருந்தது. முதல்முறை போகிறவர்களுக்காக அந்த விவரத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வரைபடத்தை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். மேலே ஹுவே, பழைய தலைநகரம். அங்கிருந்து தெற்கே சுமார் 100 கிலோமீட்டரில் டா நாங், பெரிய கடற்கரை நகரம், விமான நிலையம் இங்கேதான். அதற்கும் தெற்கே 30 கிலோமீட்டரில் ஹோய் ஆன். ஹோய் ஆனிலிருந்து உள்ளே மலைப்பக்கம் 40 கிலோமீட்டர் போனால் மீ சன், இந்தப் பகுதியை முன்பு ஆண்ட சம்பா அரசர்களின் சிவன் கோயில்கள். எல்லாம் சேர்த்தாலும் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் உள்ள தூரம்தான், அதற்குள் மூன்று யுனெஸ்கோ இடங்கள்: ஹுவேக்கு 1993இலும் ஹோய் ஆனுக்கும் மீ சன்னுக்கும் 1999இலும் அந்தஸ்து கிடைத்தது. இவ்வளவு நெருக்கமாக இருக்கும்போது ஓட வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் ஓட வைக்கிறார்கள்.

பேனாவை எடுங்கள்

முன்பணம் கட்டுவதற்கு முன்னால் திட்டத் தாளை அச்சடித்து, ஒவ்வொரு நாளுக்கும் பக்கத்தில் மணி எழுதுங்கள். ஹோட்டலிலிருந்து கிளம்புவது எத்தனை மணிக்கு, பஸ்ஸில் எவ்வளவு, மதியச் சாப்பாட்டுக்கு எவ்வளவு, கடைக்கு எவ்வளவு. எல்லாம் கழித்து மிச்சம் நிற்பதுதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கும் நேரம். தாளில் மணி இல்லையென்றால் போன் போட்டுக் கேளுங்கள், சொல்லத் தயங்குகிறவர்களிடம் நான் இப்போது முன்பணம் கட்டுவதில்லை.

இரண்டு சொற்களைத் தாளில் தேடுங்கள். ஒன்று, "வெளியிலிருந்து பார்த்தல்". உள்ளே போக மாட்டீர்கள், டிக்கெட் காசு அவர்களுக்கு மிச்சம். இன்னொன்று "வழியில் பார்த்தல்". பஸ் ஜன்னலில் கைடு கையைக் காட்டுவார், நீங்கள் தலையைத் திருப்புவதற்குள் போய்விடும். அந்த 18 இடத்தில் இப்படிப்பட்டவை எத்தனை என்று எண்ணினால் எனக்கு வந்த கணக்கு ஏழு.

அடுத்து, இரவு எங்கே தங்குகிறோம் என்று பாருங்கள். நான் பார்த்த பேக்கேஜ்களில் முக்கால்வாசி எல்லா இரவையும் டா நாங்கில் வைத்துவிட்டு, ஹோய் ஆனுக்கு மாலை 4 மணிக்குக் கூட்டிப்போய் 7 மணிக்குத் திருப்பிவிடுகின்றன. ஹோய் ஆனில் கூட்டம் அதிகமாக இருப்பதும் சரியாக அந்த நேரத்தில்தான். ஐந்து இரவு இருந்தால் ஹுவேயில் இரண்டு, ஹோய் ஆனில் இரண்டு, டா நாங்கில் ஒன்று என்று மாற்றித் தரச் சொல்லுங்கள். விலை கொஞ்சம் ஏறலாம். ஏறினாலும் வேறெங்காவது குறைத்துக்கொண்டு இதை வாங்குங்கள் என்பேன்.

எங்கே குறைப்பது? பா நா மலை. மேகத்துக்கு நடுவில் இரண்டு பெரிய கைகள் ஒரு தங்க நிறப் பாலத்தைத் தாங்கும் படம் பார்த்திருப்பீர்களே, அதுதான். 2018இல் திறந்த பாலம், 5 கிலோமீட்டருக்கு மேல் கேபிள் கார், மேலே பிரெஞ்சுக் கிராமம் மாதிரி கட்டி வைத்திருக்கும் கேளிக்கைப் பூங்கா. ஒரு முழு நாள் போய்விடும், டிக்கெட்டும் விலை அதிகம். குழந்தைகளோடு போனால் தாராளமாகப் போங்கள். பழைய ஊர் பார்க்கப் போகிறவர்கள் இதை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டால் சிலர் டிக்கெட் காசைக் கழித்துக்கொள்வார்கள்.

எந்த மாதம்

இதில்தான் நம்மவர்கள் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பூஜை விடுமுறை, தீபாவளி விடுமுறை என்று அக்டோபர், நவம்பரில் போடுகிறார்கள். ஹனோய், சைகானுக்கு ஒரு வானிலை என்றால் மத்திய வியட்நாமுக்கு வேறு. நம் கரையோர மாவட்டங்களைப் போலவே அங்கேயும் வடகிழக்குப் பருவக்காற்றுதான் மழையைக் கொட்டும், அதே ஐப்பசி கார்த்திகையில். ஹோய் ஆனில் து போன் ஆறு ஏறினால் பழைய தெருக்களில் படகு விடுவார்கள். அங்கே ஒரு பழைய வணிகர் வீட்டுச் சுவரில் எந்த வருடம் எவ்வளவு உயரம் தண்ணீர் வந்தது என்று குறித்து வைத்திருக்கிறார்கள், சில கோடுகள் என் தலைக்கு மேலே இருந்தன.

பிப்ரவரி கடைசி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். மே, ஜூனில் மழைத் தொல்லை குறைவு, ஆனால் வெயில் கடுமை (வேலூர்க்காரர்கள் சிரித்துக்கொண்டே சமாளிப்பார்கள்). ஜனவரி கடைசி, பிப்ரவரியில் டெட் என்ற அவர்களுடைய புத்தாண்டு வரும். தேதி வருடா வருடம் மாறும், அந்த வாரம் பாதிக் கடை மூடியிருக்கும், அதைத் தவிருங்கள்.

போனில் கேட்க வேண்டியவை

ஹோட்டல் பெயரை எழுத்தில் வாங்குங்கள். "அல்லது அதற்கு இணையான" என்று பக்கத்தில் போட்டிருப்பார்கள், அந்த இணையானது எது என்றும் கேளுங்கள். எனக்கு வந்த "இணையானது" கடற்கரையிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே இருந்தது. எத்தனை பேர் ஒரு பஸ்ஸில்? 16 பேர் என்றால் நல்லது, 40 பேர் என்றால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்களை எண்ணுவதற்கே பத்து நிமிடம். தனியாகப் போனால் அறைக்கு எவ்வளவு கூடுதல்? நுழைவுச் சீட்டு எல்லாம் சேர்த்தியா? கைடுக்கும் டிரைவருக்கும் டிப்ஸ் சேர்த்தியா, இல்லை அங்கே போனதும் தலைக்கு இத்தனை டாலர் என்று வசூலிப்பார்களா? கட்டாயக் கடை நிறுத்தம் எத்தனை? பட்டு, முத்து, பளிங்கு, ரப்பர் மெத்தை என்று வரிசையாக இருக்கும். ஒன்று என்றால் போகட்டும், மூன்று என்றால் டூர் விலை ஏன் அவ்வளவு குறைவு என்று புரிந்துவிடும்.

கடைசியாக ஒரு கேள்வி வைத்திருக்கிறேன், டூர்காரருக்கு அந்த ஊர் தெரியுமா தெரியாதா என்று இதிலேயே சொல்லிவிடலாம். "ஹுவேயிலிருந்து டா நாங்குக்குக் கணவாய் வழியா, சுரங்கம் வழியா?" ஹாய் வான் கணவாய் என்பது கடலை ஒட்டி சுமார் 500 மீட்டர் உயரம் ஏறி இறங்கும் மலைப்பாதை, ஹாய் வான் என்றால் கடல் மேகம். 2005இல் மலைக்கு அடியில் 6 கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளமான சுரங்கம் திறந்த பிறகு பெரிய பஸ்கள் பெரும்பாலும் அதில் புகுந்து பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுகின்றன. கணவாயில் போனால் கூடுதலாக ஒரு மணி நேரம் வரை ஆகும், ஆனால் ஒரு பக்கம் முழுக்கக் கடல், உச்சியில் 1826இல் மின் மாங் அரசர் கட்டிய காவல் வாசல், அதை ஒட்டி பிரெஞ்சுக்காரர், அமெரிக்கர் காலத்துப் பதுங்கு அறைகள். இந்தப் பயணத்தின் மிக நல்ல ஒரு மணி நேரத்தைத்தான் சுரங்கத்தில் விட்டுவிடுகிறார்கள். கேட்டவுடன் "கணவாய்தான் சார், 16 சீட்டர் வண்டி" என்று பதில் வந்தால் அவரை நம்பலாம்.

விசா, பெயர், பணம்

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா தேவை. ஈ-விசாவை வியட்நாம் அரசின் தளத்தில் நீங்களே போடலாம். 2023 ஆகஸ்டிலிருந்து 90 நாள் வரை தருகிறார்கள், ஒருமுறை நுழைவுக்கு 25 டாலர். அரசுத் தளம் மாதிரியே தோற்றத்தில் நிறையத் தனியார் தளங்கள் இருக்கின்றன, கட்டணம் இரண்டு மடங்கு மூன்று மடங்கு கேட்டால் இடம் மாறி வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

நமக்கு மட்டும் உள்ள தலைவலி இனிஷியல். ஒருவர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருக்கும், இன்னொருவருக்கு அப்பா பெயர் அங்கே இருக்கும், டிக்கெட்டில் ஏஜெண்ட் வேறு மாதிரி போட்டிருப்பார். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தில் எந்தக் கட்டத்தில் எப்படி இருக்கிறதோ, விசாவிலும் டிக்கெட்டிலும் அப்படியே வர வேண்டும், ஓர் எழுத்து கூட மாறக் கூடாது. விசா வந்ததும் பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, நுழையும் விமான நிலையம் நான்கையும் விரலை வைத்துப் படியுங்கள். தப்பு இருந்தால் திரும்பவும் காசு கட்டிப் புதிதாகத்தான் போட வேண்டியிருக்கும்.

வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டிப் பிடிக்கும் வரி) என்று ஒரு தொகை பிடிப்பார்கள். அது செலவுக் கணக்கில் சேராது, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். விகிதம் அடிக்கடி மாறுகிறது, கட்டும் மாதத்தில் என்ன என்று ஆடிட்டரிடம் கேளுங்கள், ரசீதைத் தொலைக்காதீர்கள்.

அங்கே பணம் டோங். ஒரு ரூபாய்க்குச் சுமார் 300 டோங், அதனால் காபி குடித்தாலே பல்லாயிரம். பின்னால் மூன்று பூஜ்யத்தை எடுத்துவிட்டு மூன்றேகாலால் பெருக்கினால் ரூபாய்க் கணக்கு கிட்டத்தட்ட வந்துவிடும். ஆபத்து எங்கே என்றால் 20,000 நோட்டும் 500,000 நோட்டும் இரண்டுமே நீலம், இரண்டிலும் ஹோ சி மின் முகம். கரும்புச் சாறு குடித்துவிட்டு நான் 20,000 என்று நினைத்து நீட்டியது 500,000. அந்தக் கடைக்கார அம்மா சிரித்துவிட்டு என் கையிலேயே திருப்பி மடக்கி வைத்தார். எல்லாரும் அப்படி இருக்க மாட்டார்கள். நோட்டின் பின்பக்கம் கூரை போட்ட பாலம் இருந்தால் 20,000, அந்தப் பாலம் ஹோய் ஆனில் இருக்கிறது, நேரிலேயே பார்க்கப் போகிறீர்கள். 500,000 நோட்டுகளைப் பர்ஸில் தனி அறையில் வையுங்கள்.

ஹுவே

ஹுவே கோட்டைக்குக் காலை 8 மணிக்குள் போய்விட வேண்டும், நிழல் குறைவு. 1802இலிருந்து 1945 வரை நுயென் வம்சத்து அரசர்கள் 13 பேர் இங்கிருந்து ஆண்டார்கள். கடைசி அரசர் பாவோ டாய் முடி துறந்ததும் இதே கோட்டையின் ஙோ மோன் வாசலில்தான், 1945 ஆகஸ்ட் 30 அன்று. உள்ளே போனதும் "இவ்வளவு பெரிய கோட்டையில் ஏன் இவ்வளவு வெறும் புல்வெளி?" என்று தோன்றும். 1947இலும் 1968இலும் நடந்த சண்டையில் அரண்மனைகள் பெரும்பகுதி போய்விட்டன. கைடு இதைச் சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள், கேட்டால்தான் அந்தக் காலி இடத்துக்கு அர்த்தம் வரும். முன்னோர் கோயிலுக்கு எதிரில் 1835க்கும் 1837க்கும் நடுவில் வார்த்த ஒன்பது வெண்கலக் கொப்பரைகள் நிற்கின்றன, ஒவ்வொன்றிலும் மலை, ஆறு, மரம், பறவை, கப்பல் என்று அந்த நாடு முழுக்கப் புடைத்து நிற்கும். கூட்டம் இங்கே ஒரு போட்டோ எடுத்துவிட்டுப் போய்விடும், நீங்கள் இரண்டு கொப்பரையையாவது சுற்றி வந்து பாருங்கள்.

அரசர் சமாதிகளில் பேக்கேஜ்காரர்கள் பெரும்பாலும் காய் டின் சமாதியைக் காட்டுவார்கள். உள்ளே பீங்கான் துண்டுகளால் செய்த வேலைப்பாடு கண்ணைப் பறிக்கும், ஆனால் 127 படி, முழங்கால் வலி உள்ளவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். என் ஓட்டு து டுக் சமாதிக்கு. ஏரி, மண்டபம், மரநிழல் எல்லாம் உண்டு, அந்த அரசர் உயிரோடு இருந்தபோதே அங்கே வந்து பொழுதைக் கழித்திருக்கிறார். அப்பா அந்த ஏரிக்கரை மண்டபத்தில் உட்கார்ந்தவர் எழுந்து வர மனமில்லாமல் இருந்தார்.

தியென் மு புத்தக் கோயிலில் ஏழடுக்குக் கோபுரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பின்னால் ஒரு பழைய ஆஸ்டின் கார் நிற்கும். 1963இல் சைகான் தெருவில் தீக்குளித்த திக் குவாங் டுக் என்ற துறவி அன்று வந்திறங்கிய கார் அது.

மீ சன்

ஒரு வரிசை முக்கியம்: முதலில் டா நாங்கில் உள்ள சாம் (சம்பா மக்கள்) சிற்ப அருங்காட்சியகம், அடுத்த நாள் மீ சன். 1919இல் திறந்த இந்த அருங்காட்சியகத்தை நிறையப் பேக்கேஜ்கள் சேர்ப்பதே இல்லை. மீ சன்னில் கிடைத்த நல்ல சிலைகள் பல இங்கேதான் இருக்கின்றன, அங்கே மிஞ்சியிருப்பது கட்டடம். இதைப் பார்க்காமல் அங்கே போனால் பாதிக் கதைதான் கிடைக்கும். ஒரு மணி நேரம் போதும்.

மீ சன்னுக்கு விடியற்காலையில் கிளம்பச் சொல்லுங்கள், காலை உணவைப் பொட்டலமாகக் கட்டித் தரச் சொன்னால் ஹோட்டலில் தருவார்கள். 10 மணிக்கு மேல் பஸ் பஸ்ஸாக ஆட்கள் இறங்குவார்கள், வெயிலும் ஏறிவிடும். எங்கள் குழுவில் ஒருவர் "இது சோழர் கட்டியது" என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார், வாட்ஸ்அப்பில் வந்ததாம். இல்லை. கட்டியவர்கள் சம்பா அரசர்கள், 4ஆம் நூற்றாண்டில் பத்ரவர்மன் என்ற அரசர் பத்ரேசுவரர் என்று சிவனுக்குத் தன் பெயரையே வைத்துத் தொடங்கியது, பல நூற்றாண்டுகள் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் பழைய சாம் மொழியிலும் இருக்கின்றன.

செங்கல்லைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். இரண்டு செங்கல்லுக்கு நடுவில் சாந்து இருப்பதே கண்ணுக்குத் தெரியாது, நகம் கூட நுழையாத மாதிரி ஒட்டியிருக்கும், செதுக்கிய உருவம் ஒரு செங்கல்லிலிருந்து அடுத்த செங்கல்லுக்கு அப்படியே ஓடும். பக்கத்திலேயே குண்டு விழுந்த பள்ளங்கள். 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் இங்கிருந்த மிகப் பெரிய கோபுரம் நொறுங்கியது. இந்தியத் தொல்லியல் துறையினர் வந்து சில கோயில்களைச் சீரமைத்தார்கள், அந்த வேலையின்போதுதான் 2020இல் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரே கல்லாலான லிங்கம் வெளிப்பட்டது. எங்களோடு வந்த ஒரு பாட்டி அந்தப் பக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, வாய்க்குள்ளேயே தேவாரம் ஒன்றை முணுமுணுத்தபடி நின்றார். கைடு கடிகாரத்தைப் பார்த்தார், அப்புறம் அவரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு காத்திருந்தார்.

ஹோய் ஆன்

இரண்டு இரவு தங்கச் சொன்னதற்குக் காரணம் காலை 6 மணி. அப்போது மஞ்சள் சுவர் வீடுகளுக்கு முன்னால் பெருக்குகிற சத்தமும் சைக்கிளும்தான், நேற்று மாலை தோளோடு தோள் இடித்துக்கொண்டு நடந்த அதே தெரு என்று நம்ப முடியாது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஜப்பானியரும் சீனரும் ஐரோப்பியரும் வந்து வியாபாரம் செய்த துறைமுகம், பிறகு ஆறு மண் மேடிட்டு வியாபாரம் டா நாங்குக்குப் போய்விட்டது. வியாபாரம் போனதால்தான் யாரும் இடித்துக் கட்டவில்லை, ஊர் அப்படியே நிற்கிறது. பழைய ஊர்ச் சீட்டு ஒன்றில் சில வீடுகளும் சபை மண்டபங்களும் பார்க்கலாம், ஃபுஜியான் மண்டபத்தைத் தவறவிடாதீர்கள், கடலோடிகளைக் காக்கும் தெய்வம் அங்கே இருக்கிறாள்.

தென்னை மாதிரி ஒரு நீர்ப்பனைத் தோப்புக்குள் வட்டப் படகில் கூட்டிப்போவார்கள். பார்த்தவுடன் சொல்லிவிடுவீர்கள், நம் ஒகேனக்கல் பரிசல்! மூங்கில் பின்னலில் சாணமும் மரப்பிசினும் பூசியது. சில படகுக்காரர்கள் ஸ்பீக்கரில் பாட்டை அலறவிட்டுப் படகைச் சுழற்றுவார்கள், தலைசுற்றல் உள்ளவர்கள் ஏறும்போதே சைகை காட்டிவிடுங்கள்.

சாப்பாடு

சைவம் என்றால் "ஆன் சாய்" என்று சொல்லுங்கள், "வெஜிடேரியன்" என்று சொன்னால் இறைச்சியை மட்டும் எடுத்துவிட்டு மீன் சாறு ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள். நுவோக் மாம் என்ற மீன் சாறு அவர்களுக்கு நமக்கு உப்பு மாதிரி. "சாய்" என்று பலகை போட்ட கடை முழுச் சைவம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நிறைய வியட்நாமியரே சைவம் சாப்பிடுவார்கள், ஹுவேயில் சைவக் கடைகள் தாராளம். எல்லா இரவும் இந்தியச் சாப்பாடு என்று பேக்கேஜ் சொன்னால் யோசியுங்கள், அந்த பஃபேக்காக முக்கால் மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டியிருக்கும். வயதானவர்கள் இருந்தால் ஒருவேளை போதும், மிச்சத்துக்குப் பருப்புப் பொடியும் ஊறுகாயும் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

தையல்காரர்

ஹோய் ஆனில் ஒரே நாளில் சட்டை, கோட்டு, பாவாடை எல்லாம் தைத்துத் தருவார்கள். முதல் நாள் மாலையிலேயே அளவு கொடுங்கள், கிளம்பும் நாள் காலை வரை இழுக்காதீர்கள். கைடு கூட்டிப்போகும் கடையில் விலையைக் கேட்டுவிட்டு இன்னும் இரண்டு கடையிலும் கேளுங்கள். துணியைக் கசக்கிப் பாருங்கள், லைனிங் என்ன துணி என்று கேளுங்கள், பேசிய விலையைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். மறுநாள் போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன் விறைப்பாக நிற்காமல் இரண்டு கையையும் மேலே தூக்குங்கள், உட்காருங்கள், குனியுங்கள். அக்குளில் பிடித்தால் அங்கேயே சொன்னால் மாலைக்குள் பிரித்துத் தைத்துவிடுவார்கள். என் கோட்டு பஸ் ஏறும் அவசரத்தில் வாங்கியது, இன்னும் பீரோவில்தான் இருக்கிறது.